மகளுக்காக அடுப்பை அணைத்தவள்

இன்று மும்பை மாட்டுங்கா காபிக் கடையில், எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலரைத் தொகுக்கும் மாமா என் கதையைத் திருப்பி நீட்டினார்.

கதையில், கட்டிக்கொடுத்த மகளைப் புகுந்த வீட்டார் அனுப்ப மறுக்கிறார்கள். அவள் வரும்வரை, செம்பூரில் மெஸ் நடத்தும் தாய் அடுப்பு மூட்டுவதில்லை. தலைப்பு 'டிமீட்டர்': பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட மகளுக்காக விளைச்சலையே நிறுத்திய கிரேக்க தெய்வம்.

"ஏம்மா, கிரீஸ் வரைக்கும் போகணுமா? நம்ம புராணத்துல ஆளா இல்லை? பேரை மாத்திக் குடு, போட்டுடலாம்."

"பொண்ணுக்காக உலகத்தையே பட்டினி போட்ட அம்மா ஒருத்தியைச் சொல்லுங்கோ மாமா, மாத்தறேன்."

"அது... புருஷனுக்காகன்னா..."

"புருஷனுக்காக நிறைய பேர் இருக்கா."

அவர் காபி ஆறிப்போனது. கதையைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். தலைப்பு மாறாது, மலரில் வராவிட்டால் இங்கே, என் வலைப்பூவில் வரும்.

அப்படி ஓர் அம்மாவை உங்களுக்குத் தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மனைவிகள் வேண்டாம்.