பால்கனியில் காய்ந்த துவக்கு

ஜெர்மனிக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. இலங்கையில் நடந்த சண்டை எனக்குத் தொலைக்காட்சியில் பார்த்த சண்டைதான். துவக்கு, துப்பாக்கி என்ற சாமானை நான் முதன்முதலில் கையில் எடுத்ததே முப்பது கடந்த பிறகு, ஏர்சாஃப்ட் விளையாட்டில். அது சுருள்வில்லின் விசையில் சின்னப் பிளாஸ்டிக் குண்டை எறியும் போலித் துவக்கு. வீடுகளுக்குச் சமையலறை பொருத்துகிற வேலை எனக்கு. கூட வேலை செய்த ஜெர்மன் நண்பன் ஒருவன் என்னைத் தங்கள் குழுவில் சேர்த்தான். படையினர் விட்டுப்போன பழைய முகாமொன்றின் காட்டுக்குள் மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். குண்டு பட்டவர் கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுட்டுச் சாப்பிடுவோம்.

ஒரு வசந்தத்தில் குழு புதிதாக ஒன்று யோசித்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து உடுப்போடும் துவக்குகளோடும் ஒரு வார இறுதி விளையாட வேண்டும். "உனக்குப் பொருத்தமான வேடம் இருக்கிறது, பிரித்தானியரின் இந்தியப் படைச் சிப்பாய்" என்றான் நண்பன். அந்தச் சிப்பாய்களின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்ட். நுனிவரை மரம் போர்த்த, பித்தளை அடித்தட்டுப் போட்ட நீளத் துவக்கு. கடையில் அதன் போலி தயாராகவே கிடைத்தது. ஆனால் மரவேலை தெரிந்தவன் ஏன் வாங்குவான்? என்னிடம் ஏற்கெனவே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் துவக்கின் உடலைக் கழற்றிவிட்டு, மரத்தில் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினேன்.

வேலைத்தலத்தில் மிஞ்சிய பீச் மரப் பலகைதான் கட்டை. பழைய படங்களைப் பெருப்பித்து அச்செடுத்து, அளவு குறித்து, நிலக்கீழ் அறையில் வைத்து அறுத்தேன். குழலைச் சுற்றி வரும் இரும்பு வளையங்களைத் தண்ணீர்க்குழாய்ப் பட்டிகளிலிருந்து வளைத்தெடுத்தேன். சட்டப்படி விற்ற சாமான் என்பதற்கு அடையாளமாக இரும்பில் ஐங்கோணத்துக்குள் ஓர் எழுத்துப் பொறித்திருக்கும். அதை மட்டும் தொடவில்லை.

என் மனைவி வன்னியில் வளர்ந்தவள். கடைசிச் சண்டையில் கடற்கரைவரை நடந்தவள். கலியாணம் முடித்து இங்கே வந்து, மொழி படித்து, முதியோர் பராமரிப்பில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அந்தக் காலத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

நான் அறுக்கத் தொடங்கிய முதல்நாள் அவள் நிலக்கீழ் அறைக்கு இறங்கி வந்து, அறுத்த கட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இது சுடுமோ?"

"பிளாஸ்டிக் குண்டுதான். பட்டால் எறும்பு கடிச்ச மாதிரி."

"மரம் நல்லாயிருக்கு" என்றாள். அவ்வளவுதான். அடுத்தநாள் தானாகவே வந்து மணற்தாள் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். நாள்முழுக்க வயதுபோனவர்களைத் தூக்கி இருத்திய கைகளுக்கு அது ஓய்வாக இருந்ததோ என்னவோ. வெளிறிய பீச் மரத்துக்குப் பழைய நிறம் ஏற்ற, தேயிலைத்தூளை இறுகக் காய்ச்சிப் பூசலாம் என்று படித்தேன். பெரிய சட்டியில் அவள்தான் காய்ச்சினாள். அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் இரும்புத்தும்பு ஊறிய வினாகிரிக் காடி பூசியதும் மரம் கரிச்சட்டிபோலக் கறுத்துப் போயிற்று. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். மறுபடி தேய்த்து, தேயிலைச் சாயத்தை மட்டும் பல தடவை பூசி, ஆளிவிதை எண்ணெய் போட்டபோது நான் நினைத்த அதே செம்பழுப்பு வந்தது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து நாங்கள் சேர்ந்து செய்த ஒரே சாமான் அது.

எண்ணெய் காயவில்லை. நிலக்கீழ் அறை ஈரம். ஒரு சனிக்கிழமை காலை, பித்தளைத் தட்டுக்கு ஆணி வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். வெளியே நல்ல வெயில். மரம் காயட்டும் என்று அவள் துவக்கைத் தூக்கிவந்து, பால்கனியில் உடுப்புக் காயவிடும் கம்பியில் சாய்த்து வைத்திருக்கிறாள். எனக்கு உதவியாக இருக்குமென்று நினைத்துச் செய்த காரியம். எதிர்க்கட்டடத்திலிருந்து யாரோ பார்த்துப் பொலிஸை அழைத்துவிட்டார்கள். யாரென்று தெரியாது. நானென்றாலும் அழைத்திருப்பேன்.

நான் திரும்பி வந்தபோது கீழே பொலிஸ் வாகனங்கள் நின்றன. படியேறி ஓடினேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நடைவழியில் என் மனைவி முழந்தாளிட்டு, கைகள் இரண்டையும் தலைக்குப் பின்னால் கோத்தபடி இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரி குந்தியிருந்து, "எழும்புங்கள், ஒன்றுமில்லை, எழும்புங்கள்" என்று ஜெர்மனில் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததுமே, தாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னரே இப்படி இருந்துவிட்டாள் என்று பொலிஸ்காரி என்னிடம் சொன்னாள். இல்லத்து முதியவர்களின் பிள்ளைகளோடு ஜெர்மனில் வாதாடுகிற என் மனைவிக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"எழும்பும்... நான் வந்திட்டன், எழும்பும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவையளிட்டைச் சொல்லுங்கோ, வீட்டுக்குள்ளை வேறை ஒருத்தரும் இல்லையெண்டு" என்றாள். "உள்ளை வந்து பாக்கச் சொல்லுங்கோ. ஒருத்தரும் ஒளிச்சிருக்கேல்லை."

நானும் பொலிஸ்காரியும் சேர்ந்து அவளைத் தூக்கிக் குசினிக் கதிரையில் இருத்தினோம். பொலிஸ்காரி தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். வயதான ஒரு பொலிஸ்காரர் துவக்கை எடுத்துவந்து, பொறித்த எழுத்தைக் கண்டதும் தோள்கள் தளர்ந்து சிரித்தார். "இதை நீங்களா செய்தீர்கள்? நான் உண்மையென்றே நம்பிவிட்டேன்" என்றார். தனக்கும் மரவேலையில் விருப்பம், இந்த நிறம் எப்படி வந்தது என்று கேட்டார்.

நான் சொன்னேன். பீச் மரம், குழாய்ப் பட்டி, தேயிலைச் சாயம், வினாகிரியில் கறுத்த கதை எல்லாம் சொன்னேன். பயம் விட்டுப்போன ஆறுதலிலா, ஒருவர் மெச்சிய பெருமையிலா தெரியாது. அவரும் நானும் நடைவழியில் நின்று சிரித்துப் பேசினோம். பக்கத்துக் குசினியில் என் மனைவி கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். கதவு திறந்தபடியே கிடந்தது.

சோதனைக்கென்று துவக்கைக் கொண்டுபோனார்கள். சில கிழமைகளில் பிழையொன்றுமில்லை என்று திருப்பித் தந்தார்கள். அதை உடைத்து எறியப்போகிறேன் என்று நான் சொல்ல, அவள் விடவில்லை.

"ஏன் உடைக்கிறியள்? கஷ்டப்பட்டுச் செய்தது. உடுப்பும் வாங்கியாச்சு. போய் விளையாடிப்போட்டு வாங்கோ."

போனேன். போகாமல் விட்டிருக்கலாம். காக்கி உடுப்போடு அந்தத் துவக்கைக் கண்டதும் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். விளையாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், புதருக்குப் பின்னாலிருந்து வந்த ஒருவனை நான் சுட்டேன். "பட்டுவிட்டது" என்று சிரித்தபடி அவன் கைகளை உயர்த்தினான். ஆண்டுக்கணக்காக நான் பார்த்துப் பழகிய சைகைதான். அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை. வயிற்றைக் குமட்டுகிறது என்று நண்பனிடம் பொய் சொல்லிவிட்டு, துவக்கையும் அவனிடமே வைத்திருக்கச் சொல்லி வந்துவிட்டேன். பிறகு நான் அதைக் கேட்கவில்லை. அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம். வருகிறவர்கள் எல்லோரும் நிறத்தை மெச்சுகிறார்களாம்.

அந்த வருஷக் கடைசியில், டோர்ட்மண்ட் நகரில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், காருக்குள் முதன்முதலாகக் கேட்டேன். "பொலிஸ் வந்த அண்டைக்கு உமக்கு என்ன ஞாபகம் வந்தது?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னாள்: "அண்டைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் அந்தப் பொலிஸ்காரரோடை தேத்தண்ணிச் சாயக் கதை கதைச்சுக்கொண்டு நிண்டியள்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, றோட்டைப் பாருங்கோ" என்றாள்.

எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், இல்லத்துக் கிழவிகளின் பகிடிகளைச் சொல்லிச் சிரிக்கிறாள். நிலக்கீழ் அறைக்கு மட்டும் இறங்குவதில்லை. போன மாதம் அவளுக்குச் செருப்பு வைக்கும் பெட்டி ஒன்று செய்தேன். தேய்க்க வாரும் என்று கூப்பிட வாய்வரை வந்தது, கூப்பிடவில்லை. தனியே தேய்த்து முடித்தேன். வாசலில் வைத்தபோது கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, "வழுவழுப்பாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.