படிக்காத பள்ளிக்கூடங்களுக்குப் பந்து போட்டவன்

மொன்றியலில் நான் பந்து போட்ட அணிகள் எல்லாமே நான் படிக்காத பள்ளிக்கூடங்களின் அணிகள். இங்கே எங்கள் ஆட்களின் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி அப்படித்தான் நடக்கிறது. ஊரில் எந்தக் கல்லூரியில் படித்தார்களோ அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துப் பெயரில் அணி சேர்ப்பார்கள். நெஞ்சில் கல்லூரிச் சின்னம் பதித்த ஜேர்சி. முதல் பந்து போடுவதற்கு முன் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று தங்கள் தங்கள் கல்லூரிக் கீதத்தைப் பாட வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புடன் நின்றவன். பள்ளிக்கூடத்தில் ஆமி வந்து முகாம் போட்டது. நாங்கள் இடம்பெயர்ந்தோம். பிறகு யாரும் என்னைப் படிக்க அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மட்டுமே உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கடல் கடந்த பழைய மாணவர் சங்கம் எதுவும் கிடையாது.

ஆனால் எனக்குப் பந்து போட வரும். வேகம் இல்லை. விழுந்த பிறகு பந்து உள்ளே திரும்பும், அவ்வளவுதான். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பேன். ஒருநாள் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது. "தம்பி, சும்மா நிண்டால் காணும், வாறீரே?" என்று கேட்டார்கள். ஓம் என்று போனேன். சும்மா நிற்கப் போனவனின் கையில் கடைசியில் பந்து வந்தது. அடுத்த கோடை வேறொரு கல்லூரி கூப்பிட்டது. அதற்கடுத்த கோடை இன்னொன்று.

இப்படியே என் வாழ்க்கை போயிற்று. பனி கரையும்போது தொலைபேசி அடித்தால் அந்த வருடம் எனக்கு ஓர் அணி உண்டு. காரில் வந்து ஏற்றிப்போவார்கள், மத்தியானம் சாப்பிட ரோல்ஸ் தருவார்கள், ஆட்டம் முடிய வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு அழைப்பு வராது. ஓர் அணி என்னை விட்டுவிட்டது என்பதை யாரும் வாயால் சொன்னதில்லை. மைதானத்துக்குப் போனபின் என் ஜேர்சியை இன்னொருவன் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அப்படி இருமுறை நடந்திருக்கிறது. இருமுறையும் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. வேலியோரம் இருந்து கடைசிப் பந்து வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனேன். போகச் சொல்ல அது அவர்களுடைய பூங்கா இல்லை.

கீதம் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். இதில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார்.

சென்ட் லோரன்ட் பகுதியில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற ஒரு கியூபெக்காரர். என்னைவிட மூத்தவர். இளவயதில் பேஸ்போல் பந்து எறிந்து பிழைத்தவர். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில், ஒவ்வொரு கோடைக்கும் ஒவ்வொரு ஊருக்காக எறிந்திருக்கிறார். பெரிய மைதானம் வரைக்கும் போகவே இல்லை. பஸ்ஸில் படுத்து, பஸ்ஸில் சாப்பிட்டு, தோள் ஒருநாள் முடியாது என்றபோது ஊர் திரும்பிவிட்டார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் கவலை இல்லை. எங்கேயோ ஓர் ஊருக்கு எப்போதும் ஒரு கை தேவைப்பட்டது, என்னிடம் ஒன்று இருந்தது என்றார்.

அமெரிக்காவின் நாட்டுப் பாட்டுக்கு எழுந்து நின்றபோது வாயை என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். சுயிங்கம் மென்றேன் என்றார்.

போன கோடையில் எனக்கு ஒரே ஓர் அணியிடமிருந்துதான் அழைப்பு வந்தது. பெட்டி தூக்கித் தூக்கி என் தோளும் பழுதாகிவிட்டது. ஐம்பதை நெருங்குகிறவனைக் கூப்பிட யாருக்கும் அவசரம் இல்லை. கூப்பிட்ட அணியின் தலைவர் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியியலாளர். வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எதிரணியாக வந்தது, அதற்கு முந்தின கோடையில் நான் ஆடிய அணி. அவர்களுக்கு வேகமாகப் போடுகிற ஓர் இளைஞன் கிடைத்திருந்தான்.

அன்று காலை நல்ல வெயில். எங்கள் முறை வந்தது, கீதம் தொடங்கினோம். எனக்கு என்னவோ சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். வாயை அசைத்தவன் சத்தமாகவே பாடிவிட்டேன். எல்லாக் கல்லூரிக் கீதமும் கிட்டத்தட்ட ஒரே மெட்டுத்தான். தொடக்கம் எல்லாம் வாழ்த்துத்தான். கல்லூரியின் பெயர் வரும் இடத்தில் மட்டும்தான் மாறும். அந்த இடத்தில் என் வாயிலிருந்து எதிரே நின்றவர்களின் கல்லூரிப் பெயர் வந்தது.

பாட்டு நின்றது. எதிர் வரிசையில் ஒருவன் சிரித்தான்.

"அண்ணை, லைன் மாறி நிக்கிறியள். இஞ்சால வாங்கோ."

"விடடா, ரெண்டு பாட்டையும் பாடட்டும். ரோல்ஸும் ரெண்டு பக்கமும் சாப்பிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எதிரணித் தலைவரும் முதலில் சிரித்தார். டொலார்ட் பகுதியில் பெரிய வீடு உள்ளவர். முந்தின கோடை முழுக்கத் தன் காரில் என்னை ஏற்றிப் போனவர். சிரித்து முடிய அவருக்கு ஒரு யோசனை வந்தது. போட்டியை நடத்துகிற பெரியவரிடம் போனார்.

"ஐயா, விதி எண்டு ஒண்டு இருக்கெல்லோ. பழைய மாணவர் மட்டும்தான் ஆடலாம். உவர் எந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்?"

அந்த விதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. ஏனென்றால் எல்லாருமே எப்போதாவது என்னைக் கூப்பிட்டவர்கள்.

எங்கள் தலைவர் என் கையைப் பிடித்துப் பக்கத்துப் பேஸ்போல் மைதானத்தின் கம்பி வலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, இடம்பெயர்ந்து வந்து ஆறாம் வகுப்பு எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சனான் எண்டு சொல்லுங்கோ. ஒரு வருஷம். அவ்வளவுதான். அந்த நேரம் ஆர் எங்க படிச்சது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"நான் படிக்கேல்லையே, தம்பி."

"தெரியும் அண்ணை. சும்மா சொல்லுங்கோ. சொல்லாட்டி இண்டைக்கு மட்டுமில்லை, இனி ஒருத்தரும் உங்களைக் கூப்பிடேலாது. விதி எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாப் பிறகு ஆர் கூப்பிடுறது?"

அவர் சொன்னது சரி. அந்தப் பொய்யை யாரும் பிடிக்கவும் முடியாது. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் யாரோ ஒருவரின் பள்ளிக்கூடத்தில், மரத்துக்குக் கீழே இருந்து படித்தவர்கள்தான். ஆனால் நான் அந்த மரத்துக்குக் கீழே இருக்கவில்லை. அந்த வயதில் ஒரு கடையில் மூட்டை இறக்கினேன். அந்த மூட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவர்களுடைய பள்ளிக்கூடத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடம் இரவல் ஜேர்சியில் பந்து போட்டது எனக்கு வெட்கமில்லை. இரவல் பிள்ளைப்பருவம் எனக்கு வேண்டாம்.

நான் கூட்டத்தில் பேசாதவன். கோயிலில் பிரசாதம் கேட்கவும் மனைவியைத்தான் அனுப்புவேன். பெரியவருக்கு முன்னால் போய் நின்றபோது என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நீர் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

"அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான், ஐயா. அது இவையின்ர பள்ளிக்கூடமும் இல்லை, அவையின்ரயும் இல்லை."

எங்கள் தலைவர் தலையைக் குனிந்தார். நான் எதிரணித் தலைவரைப் பார்த்தேன்.

"போன வருஷம் உங்கட ஜேர்சி போட்டனான். அப்ப நீங்கள் இதைக் கேக்கேல்லை."

"அது வேற, அண்ணை."

"ஓம். அப்ப உங்களுக்கெல்லோ போட்டனான்."

எங்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "விதி விதிதான், தம்பி. அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு நீர் நிக்கேலாது."

"அப்ப கழட்டிப்போட்டுப் பந்து போடலாமே, ஐயா?"

இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்து நான் வரவில்லை. கேட்டுவிட்டு அப்போதே ஜேர்சியைக் கழற்றினேன். உள்ளே வேலைக்குப் போடும் சாம்பல் நிற ரீசேர்ட். பெரியவர் எதிரணித் தலைவரைப் பார்த்தார். அவர் வாய் திறக்க முதல் அவருடைய விக்கெட் காப்பாளர் சொன்னார்:

"போடட்டும் மச்சான். இந்த வயசு ஆளுக்குப் பயந்து விதி கதைச்சம் எண்டு கதை வந்தால், நாளைக்கு முருகன் கோயில்லயும் தலை காட்டேலாது."

"சரி, போடட்டும். இண்டைக்கு மட்டும்" என்றார் எதிரணித் தலைவர்.

"இண்டைக்கு மட்டும் எண்டால் எனக்கு வேண்டாம்" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பெரியவர் நேரத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பிறகு அந்த மைதானத்தைப் பதிந்திருந்தவர்கள் ஏற்கனவே வந்து பாய் விரித்து இருந்தார்கள். "சரியப்பா. ஒரு அணிக்கு ஒரு வெளி ஆள். சின்னம் இல்லாமல். இனியும் அப்பிடித்தான். இப்ப பந்தைப் போடுங்கோ."

முதல் ஓவரிலேயே அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரன் என் பந்தைப் பேஸ்போல் மைதானத்துக்குள் தூக்கி அடித்தான். அடுத்ததையும் அங்கேயே அனுப்பினான்.

"கணக்குக்குப் பயப்பிடாதேங்கோ அண்ணை. அஞ்சாம் வகுப்புக்கு மேல போனால் நாங்கள் எண்ணித் தாறம்" என்று எதிரணிப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

தோள் வலித்தது. மறுமுனை ஓவரும் முடிய எங்கள் தலைவர் பந்தோடு ஓடி வந்தார். "மாத்தவோ, அண்ணை?"

"இல்லை. இதையும் எனக்குத் தாங்கோ."

அவர் தயங்கினார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். பந்தைத் தந்தார். என் இரண்டாவது ஓவரில் அதே ஆட்டக்காரன் மறுபடியும் தூக்கி அடிக்கப் பார்த்தான். பந்து உள்ளே திரும்பிற்று. துடுப்பின் விளிம்பில் பட்டு உயர எழும்பியதை எங்கள் தலைவரே பிடித்தார். எனக்கு ஒதுக்கிய ஓவர்கள் முழுவதையும் போட்டு முடித்தேன். ஆனாலும் நாங்கள் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். அந்த வேகப் பையனை எங்களால் தொடக்கூட முடியவில்லை.

ஆட்டம் முடிய அணியாக நின்று படம் எடுத்தார்கள். தலைவர் ஜேர்சியை என்னிடம் நீட்டினார்.

"ஆட்டம் முடிஞ்சுதெல்லோ. படத்துக்குப் போடுங்கோ அண்ணை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"வேண்டாம் தம்பி. நான் இப்பிடியே நிக்கிறன்."

வரிசையில் எனக்கு நடுவில் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் சின்னங்கள். படம் எடுத்தவர் கமெராவை இறக்கிவிட்டு, அணி ஒரே மாதிரித் தெரியவில்லை, அண்ணை கொஞ்சம் பின்னால் போய் நிற்க முடியுமா என்று கேட்டார்.

நான் நகரவில்லை. அவர் கமெராவை மறுபடி தூக்கி அப்படியே எடுத்தார்.