சின்னம்மாவுக்குப் பிடித்த பாட்டு

சென்ற மாதம் சின்னம்மாவை அடக்கம் செய்தோம். மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் இளைஞர் ஒலிபெருக்கியின் முன் வந்து, "அடுத்ததாக, மறைந்த அம்மையாருக்கு வாழ்நாள் முழுவதும் பிடித்திருந்த பாடல்" என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நானும் பாடினேன். கீழ்க்குரலில் பாட வேண்டிய வரிகள் இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. அந்த ஞானப்பாடல் அவருக்குப் பிடித்ததன்று, எனக்குப் பிடித்தது. அங்கே கூடியிருந்தவர்களில் இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். பாடி முடித்தபின் உறவினர் ஒருவர் என் கையைப் பற்றி, "மனசு நெறஞ்சு போயிருப்பாங்க" என்றார். நான் தலையசைத்தேன்.

நாங்கள் கடல் கடந்து வந்தவர்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தபடி, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவுக்குக் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்தத் தயவில் எனக்கு அதே பள்ளியில் இடமும், எங்களுக்குப் பள்ளிக்குக் கீழே சரிவில் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றும் கிடைத்தன. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அவரும் எங்களோடு வந்தார். தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும் மரப்பட்டையை உரிக்கும் வேலைக்குப் போவார். பட்டையின் சாறு ஏறிய அவருடைய உள்ளங்கைகள் எவ்வளவு தேய்த்தாலும் பழுப்பாகவே இருக்கும்.

சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, வரவில்லை. அவருடைய தாயார் படுக்கையில் கிடந்தார். தாயை விட்டு வர முடியாது என்றார் அவர். சின்னம்மாவின் பெயர் என் தாத்தாவின் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் பதிவாகியிருந்தது. அதை அடிக்க விடமாட்டேன் என்றார் சின்னம்மா. சண்டையோடுதான் பிரிந்தார்கள். ரயிலடிக்குச் சித்தப்பா வந்து சன்னலோரம் நின்றதும், சின்னம்மா வண்டி நகரும்வரை எதிர்ப்பக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு நினைவிருக்கின்றன.

இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதுவார்; இங்கே அப்பா படிப்பார். இங்கே அப்பா எழுதுவார். அங்கே கணக்கப்பிள்ளை படிப்பார். இரண்டு ஆண்கள் இடையில் நிற்க, ஒரு கணவன் தன் மனைவியிடம் என்ன சொல்லிவிட முடியும்? நலம், நலமறிய ஆவல், மழை, தாயாரின் உடல்நிலை. அதற்கு மேல் அந்தக் கடிதங்களில் எதுவும் இருந்ததில்லை.

ஆனால் ஒரு பாட்டு இருந்தது. தோட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, நத்தார் விடுமுறையில், வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கிறிஸ்துமஸை அங்கே நத்தார் என்பார்கள். மணமான புதிதில் இருவரும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்த ஒரு படத்தில் அந்த நகைச்சுவைப் பாட்டு வரும். கோபித்துக்கொண்ட மனைவி கதவைத் தாழிட்டுக்கொள்வாள். கணவன் வெளியே நின்று முதலில் கெஞ்சுவான், பிறகு சேவலாகக் கூவுவான், நாயாகக் குரைப்பான், கடைசியில் குளிரில் நடுங்கும் பூனையாகக் கத்துவான். அந்தப் பூனைக்குரலில் அவளுக்குச் சிரிப்பு வந்து தாழ் விலகும் ஓசையோடு பாட்டு முடியும். எங்கள் வீட்டில் அதற்குப் பூனைப் பாட்டு என்று பெயர்.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பு எங்கள் மலையில் துல்லியமாகக் கேட்கும். பண்டிகைக் காலைகளில் நேயர் விருப்பம் உண்டு. வேண்டிய பாட்டையும் விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால், அறிவிப்பாளர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். நான் சொல்லப்போகும் ஆண்டுக்கு முந்திய கிறிஸ்துமஸன்று எங்கள் அட்டைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. பூனைப் பாட்டு வந்தது. மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்த சின்னம்மா, பூனை கத்தும் இடத்தில் தாமும் கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு மாதம் கழித்துச் சித்தப்பாவின் கடிதம் வந்தது. வழக்கமான மழைக்கும் தாயாரின் இருமலுக்கும் நடுவில் ஒரு புதிய வரி: "பாட்டுக் கேட்டேன். கூடவே நானும் கத்தினேன். அம்மா ஏசினார்கள்." கணக்கப்பிள்ளை எந்த முகத்தோடு அதை எழுதினாரோ! அப்பா படித்தபோது சின்னம்மா முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டார்.

அதே பாட்டினால் நான் பள்ளியில் பட்டது வேறு. வானொலியில் எங்கள் வீட்டுப் பெயர்களோடு என் பெயரும் வாசிக்கப்பட்டிருந்தது. விடுமுறை முடிந்து போன முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்தவுடன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் "மியாவ்" என்றது. பிறகு வகுப்பே கத்தியது. அந்த ஆண்டு முழுவதும் எனக்கு அதுதான் பெயர்.

அதே ஆண்டில் என்னைப் பள்ளியின் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழுவை நடத்திய ஆசிரியர் உலகத்துப் பாட்டுகளை இரண்டாகப் பிரிப்பார்: உயர்ந்தவை, சந்தையில் விற்பவை. அவர் எங்களுக்கு ஒரு ஞானப்பாடலை நான்கு குரல்களில் பிரித்துக் கற்றுக் கொடுத்தார். உலகத்து உறவுகளையெல்லாம் விட்டுவிட்டேன், இனி ஆண்டவர் ஒருவரே எனக்குப் போதும் என்பது அதன் பொருள். பதினொரு வயதில் எனக்கு விடுவதற்கு உறவும் இல்லை, விடும் எண்ணமும் இல்லை. ஆனால் மேல்குரல் ஏறும்போது கீழ்க்குரல் இறங்கும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். ரசனை என்ற ஒன்று எனக்கு வந்துவிட்டதாக நம்பினேன். வீட்டில் அது யாருக்கும் வரவில்லை என்பதையும் கூடவே கண்டுகொண்டேன்.

அந்த ஐப்பசியில் சித்தப்பாவின் கடிதம் வந்தது. தாயார் இறந்துவிட்டார். இந்தியாவுக்குக் கப்பலேற விரும்புகிறவர்கள் தை மாதத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். "கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. நத்தாருக்குப் பாட்டுக் கேட்க ஆவலாக இருக்கிறேன்" என்று கடிதம் முடிந்திருந்தது.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "வர்றேன்னு சொல்றானா, வரலைங்கிறானா? இதுல பாட்டு ஒரு கேடு. வரச் சொல்லி நா எழுதிப்புடவா?"

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம் அத்தான்" என்றார் சின்னம்மா. "நத்தாருக்குக் கார்டு போட்டாப் போதும்."

"கார்டுல என்னத்தச் சொல்லுவ நீ?"

"அதுல சொன்னாப் போதும்."

நான் அந்த அறையில்தான் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். சித்தப்பா வருவது வானொலி வாசிக்கப்போகும் பெயரில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பெயர்தானே முக்கியம், பாட்டு எதுவானால் என்ன என்று நினைத்தேன். நல்ல பாட்டாக இருந்தால் அவருக்கும் மகிழ்ச்சிதானே என்றும் நினைத்தேன். இதை என் குற்றத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அன்று உண்மையில் நான் நினைத்ததில் இது பாதி. மற்றப் பாதி கடைசி பெஞ்சின் பூனைக்குரல்.

மறுநாள் சின்னம்மா அஞ்சலட்டையோடு என்னிடம் வந்தார்.

"ஒன் கையெழுத்து முத்துமுத்தா இருக்காம்ல. இந்த வாட்டி நீ எழுது ராசா. பூனப் பாட்டு. எல்லார் பேரும் எழுதிட்டு, கடேசில எம் பேரு. எம் பேரு மட்டும் கொஞ்சம் பெருசா எழுது."

"ரேடியோவுல பெருசாப் படிக்க மாட்டாங்க சின்னம்மா."

"படிக்கிறவுக கண்ணுல படணுமில்ல?"

நான் எழுதினேன். அவர் பக்கத்தில் குந்தி, பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் பெயரை எழுதிய வரிக்குக் கீழே நான் கோடு போட்டபோது, பழுப்பேறிய விரலை மை காயாத எழுத்தில் படாமல் சற்று மேலே நிறுத்தி, "இதான் பூனையா?" என்று கேட்டார்.

"ஆமா சின்னம்மா" என்றேன்.

நான் எழுதியிருந்தது அந்த ஞானப்பாடலை.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வானொலிப் பெட்டி அந்த வரிசையில் எங்களிடம்தான் இருந்தது. அடுத்த வீட்டு அக்கா அய்யம்பாளையத்துக்காரர். கதவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏலே, வெரசாப் போடுலே! சோலியெல்லாம் அப்படியப்படியே கெடக்கு. ஒங்க சின்னம்மா பூன கத்துறதக் கேக்கத்தேன் ஓடியாறேன்."

சின்னம்மா புதுச்சேலை கட்டியிருந்தார். மாவுக் கையோடு ஓடிவர வேண்டியிருக்கக் கூடாது என்று விடியுமுன்பே பலகாரத்தை முடித்துவிட்டு, பெட்டிக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுப் பாடல்கள் போயின. பிறகு எங்கள் ஊர்ப்பெயர் வந்தது. அப்பா, அம்மா, நான், கடைசியில் சின்னம்மா. தம் பெயர் ஒலித்தபோது அவர் முந்தானையை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார், சிரிப்பதற்கு ஆயத்தமாக.

வந்தது ஆர்மோனியம். பிறகு நான்கு குரல்கள்.

அவர் முந்தானையை உடனே எடுக்கவில்லை. இது வேறு யாரோ கேட்டது, நம்முடையது அடுத்து வரும் என்று எண்ணியவர்போல் காத்திருந்தார். உறவுகளை விட்டுவிட்டேன் என்ற அடி இரண்டாம் முறை திரும்பியபோதுதான் கை மடியில் விழுந்தது.

"ரெக்கார்டு தேஞ்சு போயிருக்கும். அதான் மாத்திப் போட்டுட்டான்" என்றார் அப்பா.

"இதுவும் நல்லாத்தேன் இருக்கு" என்றார் அடுத்த வீட்டு அக்கா. "நல்ல நாளும் அதுவுமா வாலாட்டிக்கிட்டுக் கத்துறதுக்கு இது தேவலைல்ல?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் வானொலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று யாரும் மியாவ் என்று சொல்லவில்லை. பாடகர் குழு ஆசிரியர் என்னை அழைத்து, "கேட்டேன்டா. உங்க வீட்டுக்கும் நல்ல டேஸ்ட் வந்துடுச்சே!" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலின் சூட்டோடு நான் வீட்டுக்கு ஓடியபோது, சின்னம்மா வேலையிலிருந்து திரும்பி வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பூனப் பாட்ட இன்னொருக்காக் கேட்டு எழுதலாமா? பொங்கலுக்குப் போடுவாங்கல்ல?"

"பொங்கலுக்கு இனிமே அனுப்பினாப் போய்ச் சேராது சின்னம்மா. அடுத்த நத்தாருக்கு எழுதுவோம்."

அவருடைய சொல்லை அன்றுதான் முதன்முறையாக நான் பயன்படுத்தினேன். அதுவரை நத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அனுப்பினால் போய்ச் சேர்ந்திருக்குமா என்பதை நான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

மாசியில் கடிதம் வந்தது. அப்பா வேலையில் இருந்ததால் சின்னம்மா என்னைப் படிக்கச் சொன்னார். மிகச் சிறிய கடிதம். மழையைப் பற்றிக்கூட ஒன்றும் இல்லை. "பாட்டுக் கேட்டேன். உன் மனதைத் தெரிந்துகொண்டேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கிருந்தாலும் நன்றாக இரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா சின்னம்மா! சித்தப்பாவுக்கும் அந்தப் பாட்டுப் புடிச்சிருக்கு."

 "அந்த மொத வரிய இன்னொருக்காப் படி" என்றார் சின்னம்மா.

"பாட்டுக் கேட்டேன்."

"அதுக்குப் பொறவு?"

படித்தேன். கடிதத்தை வாங்கி, எழுதிய பக்கம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினார். உலையில் தண்ணீர் கொதித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

சித்தப்பா கப்பலுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதன்பின் கடிதமும் வரவில்லை. அந்த ஒரு பாட்டுத்தான் காரணம் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பிறருடைய முடிவுகளுக்கு ஆதாரம் கேட்பதையே தொழிலாகக் கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் இருந்தவன் நான். இந்த ஒன்றில் அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. சின்னம்மா எண்பதைக் கடந்தும் எங்களோடுதான் இருந்தார். சொல்வதற்கு எனக்கு ஐம்பது கிறிஸ்துமஸ்கள் கிடைத்தன. நான் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் அப்பா அஞ்சலட்டை வாங்கி வந்தார். "இந்த வாட்டி எந்தப் பாட்டும்மா? பூனையே எழுதிருவோமா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

சின்னம்மா தலையை நிமிர்த்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குப் புடிச்சதையே எழுதச் சொல்லுங்க அத்தான்" என்றார். "போன வாட்டியும் அதத்தான எழுதுச்சு."

அப்பாவின் காதில் பின்பாதி விழவில்லை. என் காதில் விழுந்தது. என் ரசனைக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதையாக அதை எடுத்துக்கொண்டேன். பேனாவுக்கு மை ஊற்றி, அட்டையின் ஓரத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, அதே ஞானப்பாடலை என் மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதினேன். கடைசியில் சின்னம்மாவின் பெயரை, அவர் கேட்காமலேயே, கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.