காப்புச் செடி

எங்கள் வீட்டுப் பிரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து காகிதப் பொட்டலங்கள் இருக்கும். எல்லாம் ஆந்தூரியம் மகரந்தம். ஆந்தூரியத்தின் பூத்தண்டு முதலில் பெண்ணாக இருந்து பசையாகத் துளி விடும். அது காய்ந்து சில நாட்கள் கழித்துத்தான் ஆணாகி மகரந்தம் உதிர்க்கும். ஆகவே ஒரு செடியின் தூளைச் சேகரித்து உறையவைத்து, இன்னொரு செடி துளி விடும் காலையில் மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். இதற்கு நிதானமான கையும் பொறுமையும் வேண்டும். இரண்டும் எனக்கு உண்டு.

என் கணவருக்கு இந்த இலைச் செடிகளைப் பிடிக்காது.

"பூன்னு சொன்னா ஒரு எலிவால். காயும் திங்க முடியாது. இதுவே கீரையானா ஒரு மொளகூட்டலாவது பண்ணலாம்" என்பார்.

"உங்களுக்கு மொளகூட்டல் கெடைக்கறதா இல்லையா?"

"கெடைக்கறது. ஆனா செடிக்குத் தண்ணி தெளிச்சதுக்கு அப்பறம்தான் கெடைக்கறது."

இப்படித் தூரிகையால் தடவிப் பெற்ற விதைகளில் ஒருமுறை ஒரு தட்டு நிறைய நாற்றுகள் வந்தன. எல்லாம் தாய்ச் செடியைப் போலவே சாதாரணப் பச்சை. ஒன்று மட்டும் வேறு. அதன் இலை நீண்டு தொங்கியது. கறுப்பென்று சொல்லிவிடக் கூடிய பச்சை, வெல்வெட் மினுமினுப்பு, நரம்புகள் சுண்ணாம்பால் கோடிழுத்ததுபோல் வெளுப்பு, காம்பு மட்டும் செம்பு நிறம். கடைகளிலும் கண்காட்சிகளிலும் இணையத்திலும் தேடிப் பார்த்தேன். அப்படியொன்று எங்குமே இல்லை. கலப்பில் அப்படித்தான், அதே இரு செடிகளை மறுபடி சேர்த்தாலும் அதே பிள்ளை பிறக்காது.

எங்களைப் போன்றவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரிய செடி வளர்ந்ததும் முதல் துண்டைப் பணத்துக்கு விற்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்போம். நம்முடையது செத்தால் அவர் திருப்பி ஒரு துண்டு தர வேண்டும். அதற்குக் காப்புச் செடி என்று பெயர். நான் தண்டின் தலைப்பகுதியை வேரோடு வெட்டி, ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் குடியிருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். மென்பொருள் வேலைக்கு வந்த நாகர்கோவில்காரர். என்னைவிடப் பல வயது இளையவர். பால்கனியும் வெயிலும் இல்லாத வாடகை ஃபிளாட்டில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்கும் சின்ன விசிறியும் வைத்து வளர்ப்பவர். நானோ பின்கட்டில் பச்சை வலையின் கீழே, ஊர்க் காற்றிலேயே வளர்ப்பவள்.

"அக்கா, நீங்க செடிய மழைல நனைய விடுதிய. நான் பட்டுச்சேல மாதிரி பீரோல வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் போனார்.

என்னிடம் நின்ற அடித்தண்டு மறுபடி துளிர்த்து, முன்னைவிடப் பெரிய இலை விட்டது. அதைச் சட்டிக்குள் வைத்திருக்க எனக்கு மனமில்லை. மரத்தில் தொற்றி வாழும் இனம்; இலை முழு நீளத்துக்குத் தொங்குவதைப் பார்க்க வேண்டும். இடவப்பாதிப் பருவமழை தொடங்கிய வாரத்தில் தேங்காய் நாரில் வேரைச் சுற்றி, கிணற்றடி மாமரத்தில் கட்டினேன். காப்பு இருக்கிறதே என்ற தெம்பு. ஒற்றைச் செடியாக இருந்திருந்தால் வலைக்கு வெளியே ஒரு முழம்கூட நகர்த்தியிருக்க மாட்டேன்.

மரத்தில் அது அழகாகத்தான் இருந்தது, மழை வலுக்கும் வரை. ஒரு காலை இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் பட்டதுபோல் புள்ளிகள், ஓரத்தில் மஞ்சள் வளையம். பாக்டீரியா கருகல். மழைத் தெறிப்பில் பரவும், வெட்டிய கத்தியில், தொட்ட கையில் பரவும், மருந்து கிடையாது. தண்டைக் கீறிப் பார்த்தபோது உள்ளேயும் பழுப்பு ஓடியிருந்தது. செடியையும், அதன் அருகே நின்ற ஆந்தூரியங்கள் அத்தனையையும் பையில் கட்டி அகற்றினேன். செடி வெட்டும் கத்தி, கத்தரிகளைக் கொதிக்க வைத்தேன். பிறகு கழக்கூட்டத்துக்கு போன் செய்தேன். காப்பு என்பது இதற்குத்தானே.

"நம்ம செடி போயிடுத்து தம்பி. உங்க கிட்டேருந்து ஒரு துண்டு வேணும். அவசரம் இல்ல."



"அக்கா... மொத்தமா போச்சா?"

"மொத்தமா."

"நான் அத சின்னச் சின்ன துண்டா வெட்டிட்டேன்க்கா. நெறைய செடி ஆக்கலாம்னு வேர் ஹார்மோன் தடவி வச்சேன். கொஞ்சம் கூடிப் போச்சு போல. எல்லாம் அழுகிப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கெடக்கு."

"ஏன் வெட்டினேள்? என்கிட்ட கேக்கலையே?"

"உங்க கிட்ட ஒண்ணு இருக்குல்லா? அந்த தைரியந்தான்."

கோபப்பட எனக்கு உரிமை இல்லை. என் மாமரமும் அவர் கத்தியும் ஒரே கணக்கில்தான் துணிந்திருந்தன. ஒருவர் காப்பை இன்னொருவர் செலவு செய்திருந்தோம்.

மறுநாளே போனேன். தலைகுளித்து, புதிதாகத் துவைத்த புடவை உடுத்தி, தோட்டத்துப் பக்கமே போகாமல் நேரே ஆட்டோ ஏறினேன். ஃபிளாட் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகாமல் நின்றேன். நண்பருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"என்னக்கா, மடியா வந்திருக்கியளா? நான் தொடலாமா?"

"நீங்க என்னைத் தொடலாம். நான் செடியைத் தொடப்படாது. அதைக் கொண்டு வந்து காமிங்கோ."

பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். ஈரப் பாசியின்மேல் கட்டைவிரல் அளவு தண்டு. வேரும் இல்லை, இலையும் இல்லை. ஒரு பக்கம் கடுகளவில் ஒரு முளைக்கண். அது உயிரோடிருக்கிறதா என்று சொல்ல முடியாத நிறம். உலகத்தில் அந்தச் செடி அவ்வளவுதான்.

"கொண்டு போயிருங்கக்கா. உங்க செடி. உங்க கை நல்ல கை" என்றார்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்திருந்தேன். என் கை நல்ல கைதான். ஆனால் என் பின்கட்டில் கருகல் இருக்கிறது. அந்தக் கிருமி செத்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரியும் வரை என் வீட்டுக்குள் எந்த ஆந்தூரியமும் நுழையக் கூடாது. இன்னொருவர் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் இதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் வேறு விதி இல்லை.

"இங்கேயே இருக்கட்டும். டப்பா மூடியை நான் சொல்லாம திறக்கப்படாது. மருந்து வேண்டாம், ஹார்மோன் வேண்டாம், புதுசா எதுவும் வேண்டாம். சும்மா இருக்கணும்."

"அது ரொம்ப கஷ்டமாச்சேக்கா."

"தெரியும்."

பிறகு போட்டோவில்தான் பார்த்தேன். கண் பழுத்தது, நிறம் மாறியது, அழுகல் என்று அவர் பயந்தார். நான் படத்தைப் பெரிதாக்கி, அது தோல் உரிவது, விடுங்கள் என்றேன். வேர்தான் முதலில் வந்தது. மழை ஓய்ந்து, ஓணம் கழிந்த ஒரு காலையில் நான் சமையலறையில் நிற்கும்போது போன் செய்தார்.

"அக்கா, இல வருது. காம்பு செம்பு நெறம்."

அடுப்பை அணைத்தேன். கணவர், "யாருக்குக் கொழந்தை பொறந்துது?" என்று கேட்டார். எனக்கு என்றேன்.

இப்போது அது நன்றாக வளர்ந்து, வெட்டத் தக்க பருவத்தில் நிற்கிறது. தலைத்துண்டு எனக்கு என்று நண்பர் ஒற்றைக் காலில் நின்றார். நான் ஒப்பவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவிலேயே போய் வந்தால் பழைய கதைதான். நெடுமங்காட்டில் ஆர்க்கிட் வளர்க்கும் பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். தண்ணீர் ஊற்றுவதில்கூட அவசரப்படாதவர். அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன். கருகல் ஒழிந்து என் பின்கட்டுக்குத் தகுதி வந்தபின் என் பங்கு வரட்டும்.

நண்பரின் ஃபிளாட் வாசலில் நின்றே மருத்துவருக்கு போன் செய்தேன். அவர் கேட்டார்: "இது வேற யார் கையில் உண்டு சேச்சி?"

பக்கத்தில் நின்ற நண்பர் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்தார்.

"யாருகிட்டயும் இல்லைன்னே வச்சுக்கோங்கோ டாக்டர்" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் இனிமே அப்படித்தான் வச்சுக்கப் போறோம்."