எனக்கு விளங்காத காப்புரிமை

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து மெக்கானிக் மரியதாஸ் அண்ணன், தான் யோசித்த கொழுந்துக் கத்தரியை வரைந்து, மழையில் நனையாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு அதற்குக் காப்புரிமை எடுக்க உதவி கேட்டுக் கண்டிக்கு என்னைத் தேடி வந்தார். நான் ஆங்கில டீச்சர். இணையத்தில் தேடியபோது அதேபோன்ற கத்தரிக்கு ஒரு வெளிநாட்டுக் காப்புரிமை கிடைத்தது. அதன் ஆங்கிலம் எனக்கே பிடிபடவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, "இத யாரோ முந்தியே பதிஞ்சிட்டாங்கண்ணே" என்றேன். அவர் படத்தை மடித்துக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் அந்தக் காப்புரிமையை ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொன்னேன். அந்த உரிமை, கொழுந்து சேரக் கத்தரியில் மாட்டும் பைக்கு மட்டும்தான். அண்ணனின் யோசனையோ கைப்பிடியில் இருந்தது. அந்த விளக்கத்தை ஆங்கிலத்தோடு வரிவரியாகச் சரிபார்த்தேன், உண்மைதான்.

அண்ணனுக்குப் போன் எடுத்து, அன்று எனக்கு விளங்கவில்லை என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"விளங்கலன்னு அப்பவே சொல்லியிருந்தா, வேற யார்கிட்டயாவது கேட்டிருப்பேனே டீச்சர்" என்றார், கோபமே இல்லாமல்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.