பேர் வெளியே வராது

மரக்காணத்தில் சுலோசனா யார் என்று கேட்டால் உப்பள மேஸ்திரி நடராசனின் பொண்டாட்டி என்பார்கள். எம்.எஸ்சி. முடித்தவள் என்று யாரும் சொல்வதில்லை. முப்பத்தேழு வயதில் தோசைக்கல்லுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே படித்த படிப்பை ஊர் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறது? அவளுக்கும் அது மறந்துபோனால் தேவலை. மறக்க மாட்டேன் என்கிறது.

அவள் எடுத்தது நிறுவன உளவியல். வேலை செய்கிற இடத்தில் மனுஷர்கள் எப்படி இருக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எதனால் மனசு ஒட்டி வேலை செய்கிறார்கள் என்கிற படிப்பு. தபால் வழிப் படிப்புதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாண்டிச்சேரியில் வகுப்பு. சனிக்கிழமையே இரண்டு நாளுக்குமாகக் குழம்பு வைத்துவிட்டு, மகள் தமிழ்நிலாவுக்குத் தலை பின்னிவிட்டு, ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பாள்.

"ஆபீஸ் வாசப்படியே மிதிக்காதவ ஆபீஸ் சைக்காலஜி படிக்கிறா" என்று நடராசன் கிண்டல் செய்வான்.

"நாப்பது பேர வெச்சி வேல வாங்குற எடம் எதுவா இருந்தாலும் ஆபீஸ்தான். உங்க உப்பளம் ஆபீஸ் இல்லாம இன்னாவாம்?"

"அப்ப நான் மேனேஜரா?"

"ஆமா. மொதல்ல அந்த மேனேஜர் லுங்கியத் தோய்க்கப் போடுங்க."

இரண்டாம் வருஷம் ஆய்வு செய்ய வேண்டும் என்று வந்தபோது, அவளுக்குத் தெரிந்த ஆபீஸ் அந்த உப்பளம் ஒன்றுதான். தலைப்பை வழிகாட்டி பாக்கியலட்சுமி மேடம்தான் போட்டுக் கொடுத்தார். உப்பளப் பெண் தொழிலாளர்களின் பணித்திருப்தியும், வேலையிடத்தில் பயமில்லாமல் பேசும் நிலையும். ஆய்வு முழுக்க இங்கிலீஷில். சுலோசனாவின் இங்கிலீஷை மேடம் சிவப்பு மையால் குளிப்பாட்டி அனுப்புவார். இவள் திரும்ப எழுதுவாள்.

உப்பள முதலாளி ராமதாஸிடம் அனுமதிக் கடிதம் வாங்கப் போனாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"பொஸ்தகமா வந்ததும் எனக்கு ஒண்ணு குடுக்கணும். ஆபீஸ்ல வெப்பேன். நம்ம உப்பளத்தப் பத்தி பொஸ்தகம் வந்துருக்குதுன்னா சும்மாவா?"

"கண்டிப்பாங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

இருபத்தெட்டுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். ரொம்பத் திருப்தி என்றால் ஐந்து, திருப்தியே இல்லை என்றால் ஒன்று. பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சோறு தின்கிற நேரத்தில் போய், ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்று நாளில் முப்பத்தொன்பது பேர். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. நிழல் வசதி உண்டா என்பதற்கு ஐந்து, கழிப்பறைக்கு ஐந்து. கேள்வி கேட்ட அன்று உச்சி வெயில் இவள் மண்டையையே பிளந்தது. அங்கே நிழல் என்றால் அவரவர் முந்தானைதான்.

மறுநாள் போய் சவரியம்மாளைப் பிடித்தாள். "ஏங்க்கா, நெழலுக்கு அஞ்சு போட்டுருக்கியே. எங்க இருக்குது நெழலு?"

சவரியம்மாள் வாயில் சோற்றோடு சிரித்தாள். "ஒனக்கு மார்க்கு கொறஞ்சிடும்னுதான். நீயே இந்த வயசுல கஷ்டப்பட்டுப் படிக்கிற. நாங்க ஒண்ணு ரெண்டுன்னு போட்டு ஒன்ன பெயிலாக்கவா? எல்லாரும் பேசி வெச்சித்தான் அஞ்சு போட்டோம்."

அவர்கள் போட்டது அவளுக்கான பரீட்சை மார்க்கு. இது உங்களைப் பற்றிய கேள்வி என்று இவள் எவ்வளவு சொன்னாலும், "சரி சரி, எழுதிக்கோ" என்று கண்ணடித்தார்கள். மேஸ்திரி பொண்டாட்டி நோட்டும் கையுமாக வந்து நின்றால் பாவம் வேறு என்னதான் செய்வார்கள். அந்த யோசனை இவளுக்கு அப்போது வரவில்லை. இத்தனைக்கும் அதைத்தான் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது ஆள் சின்னப்பாப்பா. காலில் புண் என்று அந்த மூன்று நாளும் வேலைக்கு வரவில்லை. சுலோசனா அவள் வீட்டுக்கே போனாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பா, "எல்லாத்துக்கும் அஞ்சுன்னு சொல்லிக்கிறாங்க. போட்டுக்கோ. டீ குடிக்கிறியா?" என்றாள்.

"அக்கா, நெசத்தச் சொன்னாத்தான் எனக்குப் பாஸு. நீயாவது சொல்லு."

"சொன்னா ஒன் வூட்டுக்காரரு காதுக்குப் போவும். அங்கேருந்து மொதலாளி காதுக்கு."

"போவாது. பேரு வெளிய வராது. அவருகிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"என் பொண்ணு மேல சத்தியம்."

சின்னப்பாப்பா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். எண்ணெல்லாம் இல்லை, பேச்சுதான். சுலோசனா வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

"இருவத்தாறு வருஷமா உப்புத் தண்ணில நிக்கிறேன். கால்ல வந்த புண்ணு ஆறறதுக்குள்ள அடுத்த சீசனு வந்துடுது. ஒண்ணுக்குப் போவணும்னா சவுக்கத் தோப்பு வரைக்கும் நடக்கணும். அதுக்குப் பயந்துக்கினு காலைலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. மொதலாளி வூட்டு மாட்டுக்குக் கொட்டாய் இருக்குது, ஃபேன் ஓடுது. எங்களுக்கு ஒரு கீத்துகூட இல்ல. கேட்டா நாளைக்கிக் கூப்புட மாட்டாங்க. அதனால கேக்கறதில்ல. இத எழுதிக்கோ, மாட்ட மட்டும் வுட்டுடாத."

இதைப் படித்ததும் பாக்கியலட்சுமி மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுலோசனா, முப்பத்தொன்பது பேர் சொன்னதுல ஒண்ணும் இல்ல. இந்த ஒருத்தங்கதான் உன் ஆய்வுக்கு உயிர். அவங்க பேச்ச அப்படியே தமிழ்லயே பின்னிணைப்பா போடு" என்றார். போட்டாள். பேர் போடவில்லை. பெண், இருபத்தாறு வருஷ வேலை என்று மட்டும் மேலே எழுதினாள். இரண்டு வருஷத்தில் மேடத்தின் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பைண்டு செய்த பிரதிகள் மார்கழிக் கடைசியில் கைக்கு வந்தன. முதலாளிக்கான பிரதியைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். புத்தகம் முழுக்க இங்கிலீஷ், கடைசிப் பக்கம் மட்டும் தமிழ். ராமதாஸுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பிளேடை எடுத்து வந்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள். வெட்டினால் அசிங்கமாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். முதலாளி எந்தக் காலத்தில் புத்தகம் படித்தார் என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டும் சாக்குதான். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. அது இல்லாத புத்தகத்தைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். பெருமைக்கு ஆசைப்பட்டாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பொங்கல் கழித்து உப்பளத்தில் சீசன் ஆரம்பமானது. முதல் நாள் விடியற்காலையில் எல்லாரும் சோற்றுத் தூக்கோடு வந்து வரப்பில் நிற்பார்கள். கற்பூரம் கொளுத்தியதும் மேஸ்திரி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். கூப்பிட்ட ஆள் பாத்தியில் இறங்கலாம். கூப்பிடாத ஆளுக்கு அந்த வருஷம் வேலை இல்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த நடராசன் தட்டைத் தொடவில்லை.

"சின்னப்பாப்பாவக் கூப்புடல" என்றான்.

சுலோசனாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. "ஏன்?"

"அந்தப் பேர வுட்டுடுன்னு மொதலாளி சொன்னாரு. ஏங்கன்னு கேட்டேன். ஒன் பொஞ்சாதி பொஸ்தகத்துல கடைசிப் பக்கத்தப் படின்னாரு. ஆபீஸ்லயே ஒக்கார வெச்சிப் படிக்கச் சொன்னாரு."

"பேரு போடலியே."

"பேரு எதுக்கு? இருவத்தாறு வருஷம் யாரு இருக்கறாங்க, அவ ஒருத்திதான். அந்த வாயும் வேற யாருக்கும் கெடையாது. ரெண்டு வரி படிச்சதும் எனக்கே அவ கொரலு கேட்டுடுச்சி." தட்டைத் தள்ளி வைத்தான். "கடைசி வரைக்கும் நின்னா, சுலோ. எல்லாரும் எறங்கிட்டாங்க. அவ மட்டும் என் வாயையே பாத்துக்கினு நின்னா. கூப்புடாதவன் நான்தான? நாளைக்கி அவ மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

உள்ளே தமிழ்நிலா தும்மினாள். சுலோசனா ஓடிப்போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி ஆபீஸுக்குப் போனாள். புத்தகம் மேஜை மேலேயே இருந்தது.

"வாம்மா. நல்லாதான் எழுதிக்கிற" என்றார் ராமதாஸ். "என் வூட்டு மாட்டுக் கொட்டாய் வரைக்கும் பொஸ்தகத்துல வந்துடுச்சி. எங்க ஃபேன் ஓடுது, எங்க ஓடலன்னு பாக்கத்தான் அவ வேலைக்கி வந்தாளா?"

வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அது சின்னப்பாப்பா சொன்னது இல்லீங்க. யாருமே சொல்லல. நானே எழுதுனது."

"நீயே எழுதுனியா?"

"ஆமாங்க. எல்லாரும் நல்லாதான் சொன்னாங்க. அப்படியே எழுதுனா மார்க் வராதுன்னு நானா சேத்து எழுதிட்டேன். அந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

ராமதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, அவருக்கு அது வசதியாக இருந்தது. ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். "அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

அந்தக் காகிதம் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அவள் படிப்பு அன்றோடு முடிந்தது. பத்து நாளில் வாய்மொழித் தேர்வு வேறு. அதெல்லாம் தெரிந்துதான் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் இருப்பது முழுக்கப் பொய், என் சொந்தக் கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராமதாஸ் இரண்டு தடவை படித்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"படிச்சவங்க இப்பிடிப் பொய்யி எழுதலாமாம்மா?" என்றார்.

"தப்புதாங்க" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டார்கள்.

வாய்மொழித் தேர்வு சென்னையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தார்.

"இது அவங்க சொன்னதேதானா? நீங்க எதுவும் சேர்க்கலையே?"

"ஒரு வார்த்த சேக்கல சார்."

"அடையாளம் வெளிய தெரியாம பாத்துக்கிட்டீங்களா?"

பாக்கியலட்சுமி மேடம் பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சுலோசனா அவர் பக்கம் திரும்பவில்லை. "பேரு எங்கயும் போடல சார்" என்றாள்.

பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார். முதல் வகுப்பில் தேறினாள். ஒரே பக்கத்தை மரக்காணத்தில் பொய் என்றாள், சென்னையில் உண்மை என்றாள். இரண்டு இடத்திலும் காரியம் நடந்தது. ராமதாஸ் அந்தக் காகிதத்தை எங்கும் அனுப்பவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம் சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனாள். இனிப்பு வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, வெட்கப்பட்டு, வெறுங்கையோடு போனாள். சின்னப்பாப்பா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, என்ன மன்னிச்சிடு. அந்தப் பக்கத்த அவருகிட்டக் குடுத்துருக்கக் கூடாது."

"குடுத்த. கூப்புடல. ரெண்டு நாள் வூட்ல ஒக்காந்தேன். அது போவட்டும்." சின்னப்பாப்பா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பறம் கூப்புட்டாங்கல்ல, அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு ஒன் வூட்டுக்காரரு சொன்னாரா?"

"இல்லியே."

"எங்கருந்து சொல்லுவாரு. மொதலாளி வந்துருந்தாரு. எல்லாரையும் நிக்க வெச்சி, மேஸ்திரி பொஞ்சாதி கத கட்டி எழுதிட்டா, சின்னப்பாப்பா அப்பிடியெல்லாம் சொல்லவே இல்லன்னாரு. என்னப் பாத்து, சொல்லலதானன்னு கேட்டாரு. அத்தினி பேரு முன்னால, இல்லீங்க, நான் சொல்லல, இங்க எனக்கு ஒரு கொறயும் இல்லன்னு சொன்னேன். அதுக்கப்பறந்தான் பாத்தில எறங்க வுட்டாரு."

சின்னப்பாப்பா ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டாள்.

"வேலைய வாங்கிக் குடுத்துட்ட. அதுக்குக் கும்புடு போட்டுடறேன்" என்றாள் சின்னப்பாப்பா. "ஆனா இருவத்தாறு வருஷத்துல ஒருவாட்டி வாயத் தொறந்தேன். அதயும் நானே இல்லன்னு சொல்லும்படி ஆயிடுச்சி."

"நான் போயி மொதலாளிகிட்ட உண்மையச் சொல்லிடறேன்க்கா. இப்பவே போறேன்."

"சொல்லிட்டு நீ வூட்டுக்குப் போயிடுவ. காலைல வரப்புல வந்து நிக்கறது நானு." சின்னப்பாப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "கெளம்பும்மா. நீ இங்க நிக்கறத யாராச்சும் பாத்தா, மறுபடியும் எதயோ சொல்லிக் குடுக்கறேன்னு நெனப்பாங்க. தெரு வழியாப் போவாத. பின்னால சந்து இருக்குது."

சுலோசனா அந்தச் சந்து வழியாகவே வீட்டுக்குப் போனாள்.