ஞானப்பூ விடாத ஞாயிற்றுக்கிழமை

மஞ்சூர் ரோட்டில் எங்கள் மளிகைக் கடைக்கு நேர் எதிரேதான் ஞானப்பூவின் கோவில். கோவில் என்று அவள்தான் சொல்வாள். தேயிலை எஸ்டேட்காரர்கள் எப்போதோ ஜெபத்துக்கென்று விட்டுக்கொடுத்த ஒற்றை அறை அது. தகரக் கூரை, வாசலில் படிக்கட்டு, கதவில் சுண்ணாம்பால் போட்ட சிலுவை, அவ்வளவுதான். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த சனத்தில் அவளும் ஒருத்தி. வந்த வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். ஒற்றை மகளைக் கட்டிக்கொடுத்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கை கறுத்து ரிட்டயர் ஆனாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு ஞாயிறுகூட அவள் ஆராதனையை விட்டதில்லை. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். கோயமுத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

பிறகு தேயிலை விலை விழுந்த வருஷங்கள் வந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிச் சனம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது. அடுப்புக்கு விறகு போடவே கட்டுப்படியாகவில்லை என்று ஃபேக்டரியை வாரத்தில் சில நாள்தான் ஓட்டினார்கள். அதிலே ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று. கிடைக்கிற வேலையை யார் விடுவார்கள்? கோவிலுக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழுந்து பறிக்கப் போயின. பாஸ்டர் வருகிற பஸ்ஸும் நின்றது. கடைசியில் ஞானப்பூ ஒருத்திதான் மிச்சம்.

“யாருக்குக்கா பாடறே? செவுத்துக்கா?” என்று கடையிலிருந்தே கேட்டேன்.

“இந்த லயத்துல ஞாயித்துக்கிழமைனு ஒண்ணு இருக்கணும் கடைக்காரம்மா. ஒரு வாரம் நின்னுச்சுன்னா அப்புறம் நின்னதுதான்” என்றாள்.

எஸ்டேட் மேஸ்திரி கந்தப்பன் ஒரு நாள் வந்து நின்றான்.

“ஏனுங்க ஞானப்பூக்கா, உரமூட்டை வெக்க எடமில்லீங்க. ஒருத்தருக்காக ஒரு ரூமானு மேனேஜர் கேக்கறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். உங்களை விட்டு இன்னொரு ஆளாச்சும் இருந்தா ரூம் உங்களுக்கு. இல்லீனா சாவியக் குடுத்துருங்க.”

அவள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஞாயிறு விடிந்ததும் எல்லாரும் தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாரலும் மூடுபனியும். ஞானப்பூவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் கறுப்பாக ஒரு உருவம் வந்து நிற்பது மட்டும் தெரிந்திருக்கிறது. மழைநாளில் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதானே இங்கே எல்லாரும் நடமாடுவது? அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க, வாங்க! லேட்டானா என்ன, நனையாம உள்ள வந்து உக்காருங்க!”

அது புஸ்ஸென்று மூச்சு விட்டது.

“ஐயோ, சளி புடிச்சிருக்கா? கம்பளிய இழுத்து மூடுங்க” என்று கையை நீட்டிக்கொண்டு கிட்டேயே போய்விட்டாள்.

கடையிலிருந்து பார்த்த நான், “அக்கா! காட்டெருமைக்கா!” என்று கத்தினேன். நல்ல வேளை, அது திரும்பித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. கொழுந்துச் சாக்கோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த தானியேல், முன்பு அதே கோவிலில் பாட்டு ஆரம்பித்துவைத்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் ஞானப்பூ கேட்டாள்.

“அப்ப... யாரும் வரலையா?”

கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

கந்தப்பன் வந்தான். என் நெற்றிக் குங்குமத்தையே பார்த்தான். “நீங்க எப்பங்க இங்க சேந்தீங்க?”

“காட்டெருமை வர்ற எடத்துக்கு நான் வந்தா என்ன? தலைய எண்ணிட்டுப் போ!” என்றேன்.

ஞானப்பூ எழுந்தாள். “பொய்க்கணக்கு வேணாம் கந்தப்பா. இவங்க எம்மேல பாசத்துல வந்திருக்காங்க, ஜெபத்துக்கு வரல. இந்தா சாவி.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “கூறு கெட்டவளே! உனக்காக வந்தேன் பாரு, என்னைச் சொல்லோணும்!”

“கோவிக்காதீங்கம்மா. ரூம் எஸ்டேட்டோடது, ஞாயித்துக்கிழமை கர்த்தரோடது. பொய் சொல்லி அதைக் காப்பாத்தினா அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

அடுத்த ஞாயிறு அறைக்குள் உரமூட்டைகள் இருந்தன. ஞானப்பூ கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பாடினாள். மழையிலும் பாடினாள், உறைபனியிலும் பாடினாள். உர நெடியில் இருமி இருமிப் பாடினாள். கொழுந்துச் சாக்கோடு இறங்கி வருகிறவர்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்கள். போகப்போக ஒன்றிரண்டு பேர் ஒரு சரணம் முடிகிறவரை நின்றார்கள். உட்கார ஒருவரும் இல்லை. எடை போட நேரமாகிவிடுமே!

“மவ ஊட்டுக்குப் போயிரேன்க்கா, இந்தக் குளுர்ல செத்துப்போவே” என்று நான் திட்டாத வாரமில்லை.

“ஓடுற வரைக்கும் ஓடிட்டு அப்புறம் உக்காந்துக்கறேன்” என்பாள். இருமலுக்குக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி திட்டுவேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. கடையில் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். எதிரே பாட்டு நடுவில் நின்றது. இருமுகிறாள் என்று நினைத்தேன். இருமல் சத்தமும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இல்லை.

நான் போட்ட கூச்சலில், இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தானியேல்தான் முதலில் சாக்கை ரோட்டில் இறக்கினான். பின்னால் ஒவ்வொருவராக இறக்கினார்கள். “லாரி நிக்குது, கொழுந்து வாடுது!” என்று கத்திக்கொண்டு வந்த கந்தப்பன், பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

தானியேல் அவள் காலடியில், ஈரப் படியில் உட்கார்ந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தான். மற்றவர்களும் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த சரணத்தில் அவன் குரல் உடைந்து, எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

“நிறுத்தாதடா! முழுசாப் பாடு! பாதியில விட்டா அவ பொறுக்க மாட்டா!” என்று அழுகையோடு அதட்டினேன்.

கடைசிச் சரணம் வரைக்கும் பாடினார்கள்.